ஆராய்ச்சிப் படிப்புக்குப் புறப்படுமுன்

பிள்ளைகள் முதுகலைப் பட்டம் பெறும் தறுவாயில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "மேலே ஆராய்ச்சிக்குப் போவதானால் எந்தப் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது?" என்பதே அது. இயல்பான கேள்விதான், ஆயினும் முதலில் கேட்கத்தக்க கேள்வி இதுவன்று. இதனைச் சொந்த நட்டத்தால் அறிந்தவன் நான்.

இருபது ஆண்டுகளுக்கு முன், வரலாற்றில் முதுகலை முடித்து, பெரும்பெயர் படைத்த ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன். உற்றார் யாவரும் மெச்சினர். எனக்கு வாய்த்த நெறியாளரும் நல்லறிஞரே. ஆனால் அவர் எந்த ஆண்டில் ஓய்வு பெறுகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் ஆண்டின் இறுதியில் அவர் பணியிலிருந்து விடைபெற்றார். என் பொருளில் வல்லவர் அங்கு வேறெவரும் இலர். பிறகு வந்த நெறியாளர் வேறொரு துறையினர். தலைப்பையே மாற்றிக்கொள்ளுமாறு கூறினார். அதுவரை சேர்த்த குறிப்புகளைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணிக்கு வந்து சேர்ந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் சேர்ந்தது என் பிழையே.

ஆதலின், பல்கலைக்கழகத்தைத் தேடுமுன் உங்கள் கேள்வியைத் தேடுங்கள். தலைப்பு வேறு, கேள்வி வேறு. 'தில்லித் தமிழர் வாழ்வு' என்பது தலைப்பு. 'விடுதலைக்குப் பின் தில்லியில் குடியேறிய தமிழ் அரசு ஊழியர்கள் தம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்தை எவ்வாறு கற்பித்தனர்?' என்பது கேள்வி. முன்னதை எடுத்துக்கொண்டால் எங்கே தொடங்குவது என்றே விளங்காது. பின்னதை எடுத்துக்கொண்டால் சான்று தேடும் இடங்கள் உடனே புலனாகும்: தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள், தில்லித் தமிழ்ச் சங்கம், இன்னும் நம்மிடையே வாழும் முதியோரின் நினைவுகள். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி. இதனைச் சுமையென்று வருந்துவோர் உண்டு. ஆராய்ச்சியிலோ இதுவே கைமுதல். தமிழைப் பேசுவதோடு படிக்கவும் கற்றிருந்தால் அம்முதல் இரட்டிக்கும்.

கேள்வி கிடைத்தபின் நெறியாளரைத் தேடுக. இதற்கு இன்று ஓர் எளிய வழி உண்டு. குஜராத்தில் காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம், 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்தை நடத்தி வருகிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்ற ஆய்வேடுகள் பல லட்சம் அதில் உள்ளன; எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஓர் ஆசிரியரிடம் பயின்ற மாணவர்களின் ஆய்வேடுகள் இரண்டினைப் படித்தால் அவர் எப்படிப்பட்ட நெறியாளர் என்பது ஓரளவு தெரிந்துவிடும். பின்னர் அவருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதுங்கள். உங்கள் கேள்வி யாது, அவருடைய நூல்களுள் எதைப் படித்தீர்கள், புதிய மாணவரைச் சேர்த்துக்கொள்ள அவரிடம் இடம் உண்டா என்னும் மூன்று செய்திகள் போதும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளையும் அறிந்திருத்தல் நலம். ஒரே காலத்தில் பேராசிரியர் எட்டு மாணவர்க்கும், இணைப் பேராசிரியர் ஆறு மாணவர்க்கும், உதவிப் பேராசிரியர் நால்வர்க்கும் மேல் நெறிப்படுத்தலாகாது. ஓய்வுக்கு மூன்றாண்டுக்குக் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர் புதிய மாணவரை ஏற்கலாகாது. இவ்விதியைப் படித்தபோது என் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஆராய்ச்சிக்குக் குறைந்த அளவு மூன்றாண்டு, மிகுந்த அளவு ஆறாண்டு எனக் காலமும் வரையறுக்கப்பட்டுள்ளது.

நுழைவுக்கு 'நெட்' தேர்வு முதன்மை பெற்றுள்ளது. 2024 முதல் இத்தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே ஆய்வு மாணவரைச் சேர்க்கும் முறையைப் பல பல்கலைக்கழகங்கள் மேற்கொண்டன. இத்தேர்வில் உயர்ந்த இடம் பெறுவோர்க்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். 2023 சனவரி முதல் அத்தொகை மாதம் 37,000 ரூபாய் எனவும், ஈராண்டுக்குப் பின் 42,000 ரூபாய் எனவும் உயர்த்தப்பட்டது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை பெற்றோர்க்குச் சுமையாகாமல் படிக்க இது பேருதவி. ஆகவே முதுகலையின் இறுதியாண்டிலேயே இத்தேர்வுக்கு ஆயத்தமாதல் வேண்டும். நேர்முகத் தேர்வில் பொதுவாகச் சொற்பொழிவாற்றுதல் பயன் தராது. உங்கள் கேள்வியை இரண்டு நிமிடத்தில் தெளிவுறச் சொல்லி, எந்தச் சான்றை எங்கே தேடுவீர்கள் என்று விளக்குதலே போதும்.

இடம் கிடைத்தபின் படிப்பை முடிப்பது எப்படி? என் மொழிபெயர்ப்புத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றுதான். நாளொன்றுக்கு ஒரு பக்கம் செய்பவன் ஆண்டிறுதியில் ஒரு நூலை முடிக்கிறான். நல்ல மனநிலைக்குக் காத்திருப்பவன் முன்னுரையிலேயே நிற்கிறான். எல்லாவற்றையும் படித்தபின் எழுதலாம் என்று எண்ணுதல் வேண்டா. படித்ததை அன்றன்றே எழுதுக. திங்களுக்கு ஒருமுறையேனும் நெறியாளரிடம் எழுதிய தாள்களோடு செல்க. வெறுங்கையோடு செல்லத் தயங்கித்தான் மாணவர் பலர் மாதக்கணக்கில் அவரைக் காணாமலே இருந்துவிடுகின்றனர்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். "எப்போது முடியும்?" என்று விழாதோறும் கேளாதீர்கள். "இவ்வாரம் என்ன எழுதினாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளையால் விடை கூற இயலும்.

மேற்சொன்ன விதிகளின்படி, பணியிலிருப்போர் தம் அலுவலகத்தின் இசைவோடு பகுதி நேரமாகவும் ஆராய்ச்சி செய்யலாம். நாற்பதைக் கடந்த நானும் சென்ற ஆண்டு விண்ணப்பம் செய்தேன். பெட்டியைத் திறந்து பழைய குறிப்புகளைத் தூசி தட்டினேன். நெறியாளரைக் கண்டபோது, "ஐயா, தாங்கள் ஓய்வு பெறும் ஆண்டு எது?" என்பதே என் முதற் கேள்வி. அவர் நகைத்தார், இன்னும் பதினோராண்டு உண்டென்றார்.

இருபது ஆண்டுக்கு முன் நான் கேளாத கேள்வியை உங்கள் பிள்ளைகள் இன்றே கேட்கட்டும்.