ஜாக்கி சரிந்த பிறகு



வழியில் டயர் பஞ்சராவது நமக்குப் பழகிப்போன தொல்லை. ஸ்டெப்னியை இறக்குகிறோம், ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்குகிறோம், சக்கரத்தை மாற்றிவிட்டுப் புறப்படுகிறோம். இந்தச் சிறிய வேலையில் இரண்டு விபத்துகள் நேர்வதுண்டு. மணலும் சரளையுமான சாலையோரத்தில் ஜாக்கி சரிந்து வண்டி அதன்மேலேயே விழுந்துவிடும். அல்லது, ஜாக்கி வைக்க வேண்டிய இடம் தெரியாமல், எஞ்சினுக்கு அடியில் தட்டையாகத் தெரியும் தகட்டில் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். தகடு லேசாக உள்ளே அமுங்கும். வெளியே கீறல்கூட இருக்காது. சாவியைத் திருப்பினால் வண்டி ஓடும். "ஒன்றும் ஆகவில்லை" என்று எல்லாரும் மூச்சு விடுவார்கள்.

அந்தத் தகட்டைத்தான் பட்டறையில் ஆயில் சேம்பர் என்கிறார்கள். சிறிய கார்களில் சுமார் 3 முதல் 4 லிட்டர் ஆயில் அதில் நிற்கிறது. அதன் தரைக்குச் சில மில்லிமீட்டர் மேலே வலை கட்டிய ஒரு குழாய் வாய் இருக்கிறது. ஆயில் பம்ப் அதன் வழியாகத்தான் ஆயிலை உறிஞ்சி எஞ்சின் முழுவதற்கும் அனுப்புகிறது. தகடு உள்ளே அமுங்கினால் அந்த வாய் அடைபடலாம். வண்டி மெதுவாகப் போகும்வரை எதுவும் தெரியாமல் போகலாம். வேகம் கூடும்போது பேரிங்குகளுக்கு ஆயில் போதாது. இரும்போடு இரும்பு உரசும். சிறிது நேரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். சேம்பர் அலுமினியமாக இருந்தால் அமுங்குவதற்குப் பதிலாக மயிரிழை போல் விரிசல் விடும். எஞ்சின் சூடேறிய பிறகே அது சொட்டத் தொடங்குவதும் உண்டு.

ஆகவே, வண்டி விழுந்தால் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. முதலில் மனிதர்களைப் பார்ப்போம். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையையோ கையையோ நுழைக்க வேண்டாம். சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்திய பிறகே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சேம்பரில் குழி இருக்கிறதா, ஆயில் இறக்கும் போல்ட்டைச் சுற்றியும் கேஸ்கட் ஓரத்திலும் ஈரம் இருக்கிறதா, பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ரேடியேட்டரின் அடிப்பகுதி, எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகள் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்ப்பதும், இரவு முழுதும் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைப்பதும் நல்லது. கறுப்பாகவோ தேன் நிறமாகவோ பிசுபிசுப்பாகச் சொட்டியிருந்தால் அது எஞ்சின் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் போல் இருந்தால் பெரும்பாலும் கூலன்ட். ஆனால் அளவு சரியாக இருப்பதாலேயே நிம்மதி அடைய முடியாது. குழாய் வாய் அடைபட்டிருந்தால், நிறைய ஆயில் இருந்தும் மேலே ஏறாது.

ஸ்டார்ட் செய்தவுடன் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டாலும், 'டொக் டொக்' என்று உள்ளே தட்டும் ஓசை கேட்டாலும், அந்த நொடியே நிறுத்திவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் அது முன்னெச்சரிக்கை அல்ல; அழுத்தம் ஏற்கெனவே இறங்கிவிட்டது என்று பொருள். சேம்பரில் குழி தெரிந்தால், விளக்கு அணைந்தாலும் அதைக் கழற்றிக் குழாய் வாயைப் பார்ப்பதும், கேஜ் பொருத்தி ஆயில் அழுத்தத்தை அளப்பதுமே முறை. புதிய சேம்பருக்கும் கேஸ்கட்டுக்கும் ஆகும் செலவு, புது எஞ்சினுக்கு ஆகும் செலவின் முன் மிகச் சிறியது.

இவ்வளவும் மெக்கானிக்குகளுக்குத் தெரியும். பிறகு ஏன் எஞ்சின்கள் பாழாகின்றன? வண்டி விழுந்தது என்பதை யாரும் சொல்லாததால்தான். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்று ஓட்டுநர் வாய் திறப்பதில்லை. அடி விழுமோ என்று பட்டறைச் சிறுவன் மறைக்கிறான். அப்பா என்ன சொல்வாரோ என்று மகன் கதவைச் சாத்திக்கொள்கிறான். மறுநாள் அதே வண்டியில் பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாக வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறார்கள். நள்ளிரவில் நெடுஞ்சாலை நடுவே, பின்னால் லாரிகள் விரைந்து வரும்போது, எஞ்சின் நிற்கிறது.

புது வண்டி வாங்கினால் கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரிக்கிறோம். கண்ணாடியில் செபமாலை தொங்கவிடுகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் குனிந்து அடியில் பார்க்கும் வேலையைச் செபமாலை நமக்குப் பதிலாகச் செய்வதில்லை. தவற்றைச் சொல்லும் வேலையையும் அது செய்யாது.

சொல்வது கடினம் என்று நமக்குத் தெரியும். அதனால் இந்தப் பொறுப்பில் பாதி கேட்பவருடையது. பாவசங்கீர்த்தனம் செய்ய வருகிறவரைக் குருவானவர் கத்தித் துரத்தினால் அடுத்த முறை யார் வருவார்? லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகன் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் தயார் செய்துகொண்டு வருகிறான். தந்தையோ தொலைவில் கண்டதுமே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். நம் வீட்டிலும் நம் தொழிலிடத்திலும் உண்மை சொல்ல வருகிறவருக்கு எப்படிப்பட்ட முகம் காத்திருக்கிறது?

எனவே, அன்பர்களே, இனி வண்டிச் சாவியை ஒருவர் கையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தையையும் சேர்த்தே கொடுப்போம்: "ஏதாவது ஆகிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதே, முதலில் எங்களிடம் சொல். கோபித்துக்கொள்ள மாட்டோம்." சொன்னபடியே நடந்தும் காட்டுவோம். நம் பயணங்களையும், நமக்காக வண்டி ஓட்டுகிறவர்களையும் இறைவன் காப்பாராக.