கோடு போடுகிற கை

(நரிக்குடியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கப்பா கொத்தனார். அம்மா அவருக்குச் சித்தாள். அருப்புக்கோட்டையில் அவங்க கட்டின வீடுகள் நிற்குது. பால் காய்ச்சின பிறகு ஒண்ணுக்குள்ளேயும் அவங்க போனதில்லை.

நான் வங்கி எழுத்தர். வீட்டுக்கடனுக்கு வருகிற வரைபடங்கள் என் மேசைக்கு வரும். ஒரு படத்தில் பின்பக்கம் சின்னக் கட்டம்: ‘வேலையாள் கழிப்பறை’. கதவு வெளியே. வீட்டுக்குள்ளிருந்து வழி கிடையாது. தீண்டாமையை அங்குலக் கணக்கில் வரைந்திருந்தார்கள். சாதி பேச்சில் மட்டுமில்லை, சுவரிலும் இருக்கிறது. சுவருக்கு முன்னாலேயே கோட்டில் இருக்கிறது.

நம்ம வீட்டையும் யாரோதான் வரைகிறார்கள். 2011இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. சித்திரையில் தளம் காய்ந்து ராத்திரியெல்லாம் அனல் இறங்கும். சனம் பாயோடு வாசலுக்கு வந்துரும். ஆட்டை எங்கே கட்டுவது, விறகை எங்கே அடுக்குவது என்று நம்மை யார் கேட்டார்கள்?

கோட்டை மாற்றியும் போடலாம். 1998இல் திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். 100 வீட்டில் 40 தலித்துகளுக்கு. ஊர், சேரி என்று பிரிக்காமல் எல்லோரும் ஒரே குடியிருப்பில். அதனால் சாதி செத்துவிடவில்லை. ஆனால் தெருவை வேறு மாதிரி வரைய முடியும் என்று தெரிந்தது. பம்பாய் தாதரில் அம்பேத்கர் கட்டிய ராஜகிருகமும் அப்படித்தான்: புத்தகங்களுக்கென்று இடம் வைத்துக் கட்டிய வீடு.

அதனால் சொல்கிறேன், கட்டடக்கலை படியுங்கள். பி.ஆர்க். ஐந்து வருஷம். பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். நாட்டா தேர்வு எழுத வேண்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி. அரசுக் கலந்தாய்வில் நமக்கு 18 சதவீதம் இருக்கிறது. நகரத்துப் பிள்ளை பயிற்சி மையத்துக்குப் போகும். நீ நம்ம கண்மாயை, மடையை, காலனித் தெருவை வரைந்து பழகு. படிப்பிலேயே ஒரு பருவம் அலுவலகப் பயிற்சி உண்டு. முடித்ததும் கட்டடக்கலை மன்றத்தில் பதியணும். 1972ஆம் வருஷச் சட்டப்படி பதியாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள முடியாது.

செலவை மறைத்தால் நான் பொய்யன். உதவித்தொகை வந்தாலும் தாள், அட்டை, கணினி எல்லாம் தனி. சம்பளம் வாங்குகிற நாங்கள் சேர்ந்து அதைத் தாங்க வேண்டும். கைதட்டல் போதாது தோழர்களே, மாதாமாதம் பணம் வைக்கணும்.

ரசமட்டமும் தூக்குக்குண்டும் நம்ம வீட்டில் கிடந்த சாமான்கள். எங்கப்பா யாரோ போட்ட கோட்டின் மேல் நூல் பிடித்தார். அடுத்த கோட்டை நீங்க போடுங்க.