பெயர்ப்பலகைக்கு மேலே

கடைத்தெருவில் நடக்கும்போது நம் கண் கடையின் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். அதற்கு மேல் அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்த்தே ஆகவேண்டிய ஒரு கட்டடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருக்கிறது. சாக்கிஹால் தெருவும் செயின்ட் ஜார்ஜ் சாலையும் கூடும் முனையில் வளைந்து நிற்கும் சேரிங் கிராஸ் மேன்ஷன்ஸ்தான் அது.

1889-இல் தொடங்கி 1891-இல் முடிந்த கட்டடம் இது. கீழே வரிசையாகக் கடைகள், மேலே குடித்தனங்கள். ஒரே படிக்கட்டைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய கல் கட்டடத்துக்கு அங்கே டெனமென்ட் என்று பெயர். நாம் ஒண்டுக்குடித்தனம் என்று சொல்லும்போது குரலில் ஒரு தாழ்வு வந்துவிடும். கிளாஸ்கோவில் அப்படி இல்லை. கப்பல் பட்டறைத் தொழிலாளி இருந்ததும் டெனமென்ட்தான், வசதியான வணிகர் இருந்ததும் டெனமென்ட்தான். சேரிங் கிராஸ் மேன்ஷன்ஸ் வசதியானவர்களுக்காகக் கட்டப்பட்டது.

வடிவமைத்தவர் ஜான் ஜேம்ஸ் பர்னட். கிளாஸ்கோவில் பிறந்து, பாரிஸில் கட்டடக்கலை படித்தவர். பிற்காலத்தில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஏழாம் எட்வர்ட் பெயரிலான காட்சிக்கூடங்களைக் கட்டி, 1914-இல் சர் பட்டம் பெற்றவர். பாரிஸ் படிப்பு இந்தக் கட்டடத்தில் அப்படியே தெரிகிறது. சிவப்பு மணற்கல், செங்குத்தாக ஏறும் பிரெஞ்சுப் பாணிக் கூரை, உப்பரிகைகள், நடுவில் சிற்பங்கள் சூழ்ந்த கடிகாரம். மூலை மனையைக் கூராக முடிக்காமல் வில்லாக வளைத்துவிட்டார் பர்னட். அதனால் இரண்டு தெருக்களையும் ஒரே கட்டடம் கைகோத்துப் பிடித்திருப்பது போல இருக்கிறது.

எனக்கு இந்த வகைக் கட்டடங்களில் பெரிய அதிசயமாகத் தோன்றுவது சிற்பம் அல்ல. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு முழ இடம்தான். யோசித்துப் பாருங்கள். மேலே மூன்று நான்கு மாடிக்குக் கனமான கல் சுவர். கீழே கடைக்காரருக்கோ பொருளைப் பரப்பிக் காட்ட அகலமான கண்ணாடி வேண்டும். சுவரைக் கீழே வரை இறக்கினால் கண்ணாடிக்கு இடமில்லை. கண்ணாடி வைத்தால் சுவரைத் தாங்க ஆளில்லை. இதற்குக் கைகொடுத்தது இரும்பு. கடை வாசலுக்கு மேலே குறுக்காக இரும்பு உத்திரம் கொடுத்து, அதை வார்ப்பிரும்புத் தூண்களின் மேலோ கல் தூண்களின் மேலோ உட்காரவைத்தார்கள். மாடிகளின் முகப்புச் சுவர்ப் பாரம் அந்த உத்திரத்தின் முதுகில். அது வெளியே தெரியாது. அதை மறைத்துக்கொண்டு இருப்பதுதான் கடையின் பெயர்ப்பலகை!

கடைகளுக்கு இடையே ஒடுங்கிய ஒரு வாசல் இருக்கும். அது வீடுகளுக்குப் போகும் வழி. கிளாஸ்கோக்காரர்கள் அதை 'க்ளோஸ்' என்பார்கள். நல்ல வசதியான டெனமென்ட்களில் அந்த வழியின் சுவரில் தோள் உயரத்துக்குப் பளபளக்கும் ஓடு பதித்து, மேல் விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு வரி ஓடவிட்டிருப்பார்கள். அதற்கு 'வாலி க்ளோஸ்' என்று பெயர். வாலி என்றால் அவர்கள் பேச்சில் பீங்கான். படித்திருப்பத்தில் வண்ணக் கண்ணாடி சன்னல். கல் படிகளோ நூறு வருடக் காலடி பட்டு நடுவில் குழிந்திருக்கும்.

வெளிச்சுவரின் அலங்காரமெல்லாம் தெருப்பக்கம் மட்டுமே. பின்பக்கம் போனால் வெறும் கரடுமுரடான கல் சுவர். ஏழைகள் இருந்த டெனமென்ட்களில் ஒற்றை அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. கழிப்பறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. முகப்பின் அழகைச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

1960-களிலும் 70-களிலும் புதிய சாலைகளுக்காகவும் நகரச் சீரமைப்புக்காகவும் டெனமென்ட்கள் பெருமளவில் இடிக்கப்பட்டன. சேரிங் கிராஸிலேயே இருந்த கிராண்ட் ஹோட்டல் போய்விட்டது. எம்8 நெடுஞ்சாலை அந்த இடத்தைப் பள்ளமாக வெட்டிக்கொண்டு போகிறது. பர்னட்டின் கட்டடம் தப்பியது. இன்று அதற்கு மிக உயர்ந்த 'ஏ' வகைப் பாதுகாப்பு உண்டு.

ஆனால் இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு இடிப்பவர்கள் மட்டும் எதிரி அல்ல, தண்ணீரும்தான். மணற்கல் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். கல் இணைப்புகளில் சுண்ணாம்புச் சாந்து இருக்கும்வரை அந்த மூச்சு தடையில்லாமல் போய்வரும். பழுதுபார்க்கிறேன் என்று சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கல் பொரிந்து உதிரும். கூரையில் அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயிலிருந்து வழியும் தண்ணீர் அந்த இரும்பு உத்திரம் வரை இறங்கினால் இரும்பு துருப்பிடித்து உப்பி, மேலே உள்ள கல்லை விரிசல் விடவைக்கும். கூரையில் தொடங்கிய வினை கடை வாசலில் வந்து நிற்கும்.

அதனால்தான் 2004-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து டெனமென்ட் சட்டத்தில் உள்ள ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சட்டத்தின் கண்ணில் கீழ்த்தளக் கடையும் ஒரு வீடுதான். பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, உச்சியில் உள்ள கூரையைப் பழுதுபார்க்கும் செலவில் தரையில் இருக்கும் கடையின் சொந்தக்காரருக்கும் பங்கு உண்டு.