முதல் ஓட்டுக்கு முன் ஒரு முகவரி

(கொட்டிவாக்கத்தில், முதல்முறை ஓட்டுப் போடப்போகும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல ஊரெங்கும் மேடைகள் இருக்கின்றன. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஓட்டுப் போடப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருக்க ஒரு முகவரி வேண்டும். சாதிச் சமூகத்தில் முகவரி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2013-இல் எம்.ஏ. படிக்க விழுப்புரம் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்தேன். நானும் இரண்டு தோழிகளும் இதே கொட்டிவாக்கத்தில் வீடு தேடினோம். இரண்டு வீடுகளில், "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என்று நேராகவே கேட்டார்கள். நான் சொன்னேன். ஒரு வீட்டில் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரப்போவதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது வீட்டில் அதே கேள்வி வந்தபோது, என்னோடு வந்த தோழி முந்திக்கொண்டு தன் சாதியைச் சொல்லிவிட்டாள். மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்ன பதிலாக அது ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. வீடு கிடைத்தது. அக்ரிமென்ட் கிடையாது, கறி மீன் சமைக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

அடுத்த சில மாதங்களில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. எனக்கு அதுதான் முதல் ஓட்டு. படிவம் 6 நிரப்பிக் கொடுத்தேன். விசாரிக்க ஒருவர் வந்தார். கீழே கேட்டருகே வீட்டு உரிமையாளர் அவரிடம், "படிக்க வந்த பொண்ணுங்க சார், இன்னைக்கு இருக்கும் நாளைக்குப் போயிடும். அதுங்களுக்கு இங்க ஓட்டு எதுக்கு?" என்று சொன்னது மாடியில் இருந்த என் காதில் விழுந்தது. நான் இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் என் கையில் இருந்த சான்றுகளில் எல்லாம் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'காலனி' என்று இருந்தது. அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காகிதத்தை அவர் முன்னால் நீட்டினால், வீடு போய்விடும் என்று பயந்தேன். இறங்கவில்லை. 2014 ஏப்ரல் 24 அன்று கொட்டிவாக்கமே ஓட்டுப் போட்டது. நான் மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில்தான் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சொல்லால் நான் இழந்த ஓட்டு இழந்ததுதான்.

இது என் ஒருத்தியின் கதை என்றால் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். ஓட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள இந்த முடிச்சு மிகப் பழையது. 1919 ஜனவரியில், யாருக்கெல்லாம் வாக்குரிமை கொடுக்கலாம் என்று ஆராய வந்த சவுத்பரோ குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 27. வரி கட்டுகிறவனுக்கும் சொத்துள்ளவனுக்கும் மட்டும் ஓட்டு என்றால், சொத்துச் சேர்க்கவே விடப்படாத தீண்டப்படாத மக்கள் என்றைக்கும் வெளியேதான் நிற்பார்கள் என்பது அவர் எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று. ஓட்டு என்பது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை மட்டுமல்ல, சேர்ந்து வாழும் வாழ்க்கையின் விதிகளைத் தீர்மானிப்பதில் பங்கு என்று அவர் பார்த்தார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த கோரிக்கை மனுவில், வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்பதும் இருந்தது. ஆனாலும் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலும் சொத்து, வரி, படிப்பு என்ற வேலிகள் நீடித்தன. அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவுதான் அவற்றை ஒரே வெட்டாக வெட்டியது. 18 வயதில் நாம் ஓட்டுக் கேட்கிறோமே, அதுகூட 1989 வரை 21-ஆக இருந்தது.

வேலி போய்விட்டது. அதன் நிழல் போகவில்லை. படிவம் 6-இல் முகவரிச் சான்றாக எவற்றைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். மின் கட்டண ரசீது, குடிநீர் ரசீது, எரிவாயு ரசீது, வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட், ஆதார், நிலப் பட்டா போன்ற வருவாய் ஆவணம், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், பதிவு செய்யப்பட்ட விற்பனைப் பத்திரம். இந்தத் தெருவில் குடியிருப்பவர்களில் எத்தனை பேரிடம் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இருக்கிறது? மின் ரசீது உரிமையாளர் பெயரில். ஆதார் ஊர் முகவரியில். சொந்த வீடு உள்ளவன் ஒரு காகிதத்தில் முடிக்கிற வேலையை, வாடகைக்கு இருப்பவன் ஒருவரிடம் கெஞ்சி முடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சூழலில்தான் 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த 97 லட்சத்தில் ஏறத்தாழ 66 லட்சம் பேருக்குச் சொல்லப்பட்ட காரணம் 'இடம்பெயர்ந்தவர்' அல்லது 'முகவரியில் இல்லாதவர்' என்பது. இந்த நகரத்தில் அடிக்கடி இடம்பெயர்பவர் யார்? சொந்த ஃபிளாட்டில் இருப்பவரா, 11 மாதத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுபவரா?

சிலர் தாமாக இடம்பெயரவில்லை. நம் சோழிங்கநல்லூர் தொகுதியிலேயே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. கூவம், அடையாறு ஓரங்களிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் அகற்றப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அரசே வீட்டை இடிக்கும், அரசே இன்னோர் இடத்துக்கு லாரியில் ஏற்றும், பிறகு அரசே வந்து பழைய முகவரியில் நீ இல்லை என்று எழுதிக்கொள்ளும். வீட்டை மாற்றியபோதே ஓட்டையும் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

முகவரி இல்லாததால் ஓட்டை இழப்பவர்கள் ஒருபுறம். முகவரி தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஓட்டை விட்டவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இணை, சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டவர்கள். இந்தப் பக்கம்தான் எங்கோ குடியிருக்கிறார்கள். இருவரும் பட்டியலில் பெயர் சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்னாள்: "அக்கா, லிஸ்ட்ல பேரு, வயசு, புருஷன் பேரு, டோர் நம்பர் எல்லாம் வரும். எங்க அண்ணன் தேடிக்கிட்டுதான் இருக்கான்." 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டதைப் பார்த்த நாட்டில், அவள் பயத்தை மிகை என்று சொல்ல முடியுமா? பிரிட்டனில் உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்கள் பெயரும் முகவரியும் வெளியே தெரியாமல் வாக்காளராகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. அப்படி ஒரு வழி இங்கும் வேண்டும். ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச்சட்டம் கேட்கும் நாம், இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்வது? 2014-இல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைப்பவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, பெயர் சேர்க்க வீட்டு உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. சட்டம் கேட்பது அந்த இடத்தில் நீங்கள் வழக்கமாக வசிக்கிறீர்களா என்பதைத்தான். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, ஓர் இடத்தில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவரை அங்கே வசிப்பவராகக் கருத முடியாது என்கிறது. சொந்தக்காரர் என்பது தகுதி அல்ல, வசிப்பவர் என்பதுதான் தகுதி.

இரண்டு, படிவத்தில் சொன்ன சான்று எதுவும் இல்லை என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடக் கூடாது. நேரில் வந்து விசாரிக்க வேண்டும். வீடே இல்லாமல் நடைபாதையில் தூங்குபவருக்கும் ஓட்டு உண்டு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிமுறை. விடுதி மாணவர்கள் கல்வி நிறுவனத் தலைவரிடம் சான்று வாங்கி விடுதி முகவரியிலேயே பதியலாம். விசாரிக்க ஆள் வரும்போது நீங்களே பேசுங்கள். நான் செய்யாததைச் செய்யுங்கள்.

மூன்று, வாக்காளர் அட்டை கையில் இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்க முடியாது. அலுவலகத்துக்குப் பரிசீலிக்க நாள் வேண்டும் என்பதால் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு.

நான்கு, வாக்குச்சாவடிக்குப் போனால் உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டதாகச் சொல்லலாம். திரும்பி வராதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று காட்டிவிட்டால், தனி வாக்குச்சீட்டு கொடுத்து உங்கள் ஓட்டைப் பதிய வேண்டும் என்பது விதி.

இவ்வளவும் செய்து ஓட்டுப் போட்டு என்ன ஆகிவிடப் போகிறது என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நானும் நினைத்ததுண்டு. மாடியில் துணி துவைத்த அன்றைக்கு அப்படி நினைத்துத்தான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஒன்றை மட்டும் யோசியுங்கள். ஓட்டால் ஒன்றும் ஆகாது என்றால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் பொறுப்பேற்று இயங்க முடியாமல் ஆதிக்கச் சாதியினர் ஏன் தடுத்தார்கள்? ஒன்றுமில்லாத ஒரு பதவிக்காகவா 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிச் சாய்த்தார்கள்? ஓட்டின் மதிப்பை நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் அதை நமக்கு மறுப்பவர்கள்தான்.

ஓட்டு மட்டும் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவரின் தெருவுக்குக் குடிநீரும் வடிகாலும் கேட்டு எவரும் வருவதில்லை. நம் கொட்டிவாக்கம் ஊராட்சியாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அந்த மாமன்றத்தின் காலம் 2016-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்தாண்டுகளுக்கும் மேல் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல நமக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. ஓட்டு இல்லாத காலம் எப்படி இருக்கும் என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

நான் 2016-இல், 23 வயதில், முதல் ஓட்டைப் போட்டேன். வேறு வீடு, வேறு தெரு. விசாரிக்க வந்தவரிடம் நானே கீழே இறங்கிப் போய், 'காலனி' என்று இருந்த அந்தக் காகிதத்தையே காட்டினேன். அவர் பார்த்தார், எழுதிக்கொண்டார், போனார். வீட்டு உரிமையாளரும் பக்கத்தில் நின்று பார்த்தார். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். காலி செய்தேன். ஓட்டு இருந்தது.

ஒருவர் தனியாக இறங்கினால் வீடு போகும். தெருவே இறங்கினால் எத்தனை பேரைக் காலி செய்யச் சொல்வார்கள்? அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை இங்கேயே கூடுவோம். பாகம் வாரியாகப் பட்டியலை எடுத்துவருகிறேன். ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படிப்போம். இருக்க வேண்டிய பெயர் இல்லையென்றால் அங்கேயே படிவம் நிரப்புவோம். குப்பத்துத் தம்பிகள், வாடகைக்கு இருக்கும் தோழர்கள், வீட்டுவேலைக்கு வரும் அக்காக்கள், எல்லோரையும் கூட்டி வாருங்கள். படிவத்தில் முகவரி எழுதும்போது யாரும் குரலைத் தாழ்த்த வேண்டாம்.