இடம் கிடைத்த பிறகு



நான் கையால் பேசுகிறேன். உங்களுக்குக் கேட்கிற குரல் பக்கத்தில் நிற்கும் தோழருடையது. அவர் மூச்சு வாங்க அவ்வப்போது நிறுத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தார். பிளஸ் டூ முடித்தவர், காது கேளாதவர், என்னைப் போலச் சேரியிலிருந்து வருபவர். “அக்கா, எந்தச் சட்டக் கல்லூரி நல்ல கல்லூரி?” கிளாட் எழுதித் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போவதா, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இங்கேயே அரசு சட்டக் கல்லூரியில் சேர்வதா என்று குழப்பம். ஒரு தரவரிசைப் பட்டியலை அனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். மனம் வரவில்லை.

நான் சேர்ந்தபோது 1995ஆம் ஆண்டுச் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு. இப்போது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, குறைந்தது 5 விழுக்காடு என்கிறது. எனக்கும் இடம் கிடைத்தது. முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடியே பேசுவார். முதுகில் ஏது உதடு?

மொழிபெயர்ப்பாளர் இல்லாத வகுப்பில் நாம் சக மாணவரின் நல்ல மனதை நம்பித்தான் படிக்க வேண்டும். முதல் செமஸ்டர் முழுக்க ஒரு தோழி தன் நோட்டைத் தந்தாள். இரண்டாம் செமஸ்டரில் ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதில் என் பெயர். அதற்குப் பிறகு நோட்டை வீட்டில் மறந்துவிடுவாள், இல்லையென்றால் வேறு யாரோ வாங்கிப் போயிருப்பார்கள். சண்டை இல்லை, வசை இல்லை. நோட்டு மட்டும் வரவில்லை. அந்த முறை அரசமைப்புச் சட்டத் தாளில் அரியர் வைத்தேன். தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பு இருக்கிற தாள்!

எஸ்.சி., எஸ்.டி. பிரிவில் போய்ச் சொன்னேன். “இது காது சம்பந்தப்பட்டது” என்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பொறுப்பாளர், “இது மாணவர்களுக்குள் இருக்கிற விஷயம்” என்றார். இரண்டும் ஒரே உடம்பில்தான் இருந்தன.

2023 செப்டம்பரில் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் சைகைமொழியில் வாதாடிய செய்தி வந்தபோது எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியவர்தான். எனக்கோ கூடவே இருந்த மொழிபெயர்ப்பாளர்மீதுதான் கண். அப்படி ஒருவர் என் வகுப்பில் இருந்திருந்தால் நான் யாரிடமும் நோட்டுக்காக நின்றிருக்க மாட்டேன்.

அதனால் தம்பிக்கு இப்படி எழுதினேன்: சேருவதற்கு முன்பே கல்லூரிக்குக் கடிதம் போடு. சைகைமொழிபெயர்ப்பாளர் உண்டா, சம்பளம் யார் தருவார், மூட் கோர்ட்டில் நான் வாதாடலாமா, கோப்பு கட்டத்தான் விடுவீர்களா என்று கேள். (எனக்குக் கோப்புதான் கிடைத்தது.) 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவைக் குறிப்பிடு. பதிலை எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தை நமக்கு எப்படியும் கேட்காது. அங்கே அம்பேத்கர் வாசகர் வட்டம் இருக்கிறதா என்றும் விசாரி. விடுதியில் யார் பக்கத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்று அவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள்.

மூன்று கல்லூரிகளுக்கு எழுதினார். இரண்டு பதிலே போடவில்லை. மூன்றாவது, “வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேவைப்படும்?” என்று கேட்டிருக்கிறது. சம்பளம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன்.