கணக்கின் காரணம்



கணிதம் பற்றிப் பேச நாம் புலவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடைக்கும் தூரத்துக்கும் கட்டணம் கணக்கிட்டுக் காலங்கழிக்கும் குமாஸ்தா. எனினும் தந்தை என்ற முறையில் நாம் செய்த பிழையொன்றை இங்கே கூற விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு ஓர் இரவு நம் மகள் கேட்டாள்: "அப்பா, ஏயையும் பியையும் கூட்டி வர்க்கமாக்கினால், ஏ வர்க்கமும் பி வர்க்கமும் மட்டுந்தானே வரவேண்டும்? நடுவிலே இரண்டு ஏபி எங்கிருந்து வந்தது?" நமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "சூத்திரம் அப்படித்தான், மனப்பாடம் செய்!" என்று அதட்டினோம். அடுத்த தேர்வில் அவள் சூத்திரத்தைப் பிழையின்றி எழுதினாள். ஆனால் அதன்பின் நம்மிடம் கேள்வியே கேட்கவில்லை. அந்த மௌனம் நம் நெஞ்சைச் சுட்டது.

பின்னர் அலுவலக நண்பர் ஒருவர் இணையத்தில் 'ஜியோஜீப்ரா' என்னும் கருவியைக் காட்டினார். ஆஸ்திரிய நாட்டவரான மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய படைப்பு அது. மகளும் நாமும் அதில் பக்கம் 13 உள்ள சதுரம் வரைந்தோம். பக்கங்களைப் பத்தாகவும் மூன்றாகவும் பிரித்துக் குறுக்கும் நெடுக்கும் கோடிட்டோம். பெரிய சதுரம் 100; சிறிய சதுரம் 9; அவற்றின் ஓரங்களில் முப்பது முப்பதாக இரு செவ்வகங்கள். ஆகமொத்தம் 169! அவ்விரு செவ்வகங்களே இரண்டு ஏபி. பள்ளி நாள் முதல் நாம் ஒப்பித்து வந்ததன் காரணத்தை அன்றுதான் கண்ணாரக் கண்டோம். மகளும் மீண்டும் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

இத்தகைய செல்வங்கள் இன்னும் பல உண்டு. கிராண்ட் சாண்டர்சன் என்பார் 2015 முதல் நடத்திவரும் 'திரீ புளூ ஒன் பிரவுன்' காணொளிகள் நுண்கணிதத்தை அசையும் சித்திரங்களால் விளக்குகின்றன. கல்லூரி மாணவர்க்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் உள்ளன. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும் தமிழ்நாட்டு அரசின் தமிழ்ப் பாடநூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. தில்லியில் வளரும் நம் குழந்தைகள் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், கணிதமும் வளரும், தாய்மொழியும் தங்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கும்பகோணத்துப் பள்ளி மாணவர் இராமானுஜத்துக்கு 1903-இல் கிடைத்தது கார் என்பவர் தொகுத்த ஒரு நூல். அதில் முடிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. விளக்கமோ மிகச் சொற்பம். காரணங்களை அவரே தேடினார். பின்னர், 1912-இல், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளக் குமாஸ்தாவாக இருந்தபோதும் அத்தேட்டம் ஓயவில்லை. அவருக்கு விளக்கம் குறைவு; நமக்கோ விளக்கம் மிகுதி. பார்த்ததையெல்லாம் புரிந்துகொண்டதாக மயங்கும் ஆபத்து நம்முடையது. ஆதலால் காணொளியை இடையிலே நிறுத்துங்கள். தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

பெற்றோர்களே! குழந்தை 'ஏன்?' என்று கேட்டால் அதட்டாதீர்கள். "எனக்கும் தெரியாது, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் இழுக்கு ஒன்றுமில்லை. சங்க நூலகத்தில் வாரம் ஒரு மாலை இதற்கென ஒதுக்குமாறு நிர்வாகிகளை வேண்டி அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!