என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதீர்கள்



கரு கலைந்து ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் கேள்விகள் தொடங்கிவிடுகின்றன. "பப்பாளி சாப்பிட்டியா? வண்டியில போனியா? குடத்தைத் தூக்கினியா?" கேட்பவர்கள் பரிவோடுதான் கேட்கிறார்கள். அவள் காதிலோ, 'நீதான் காரணம்' என்றே விழுகிறது.

உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அது கரு உண்டாகும்போதே நேர்ந்துவிடுவது. மாடிப்படி ஏறியதால் வருவதல்ல, வேலைக்குப் போனதால் வருவதும் அல்ல.

வயது 35ஐத் தாண்டுவது, கட்டுக்குள் வராத சர்க்கரை, தைராய்டு, புகை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். கணவர் வீட்டுக்குள் விடும் புகையும் இதில் சேர்த்திதான். இரண்டு மூன்று முறை கலைந்திருந்தால் பரிசோதனை அவசியம். அதற்குக் கணவரும் கூடப் போக வேண்டும். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு வாசலில் நிற்பது நியாயமில்லை.

நான்கைந்து மாதத்தில் கலைந்தால், சில நாளில் பால் சுரக்கலாம். பல பெண்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குழந்தை இல்லை, ரவிக்கை மட்டும் நனைகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். குளிர்ந்த ஈரத்துணியை மார்பில் வைத்தால் கொஞ்சம் இதமாக இருக்கும். காய்ச்சல், துர்நாற்றம், நிற்காத உதிரப்போக்கு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால், ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஓய்வுக்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது. மகப்பேறு பலன்கள் குறித்த சட்டப்படி, கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. டாக்டர் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வயலில் கூலி வேலை செய்பவளுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் இந்த விடுப்பு எட்டவில்லை என்பது பெரிய குறை. ஆறு வார ஓய்வு அவர்கள் உடம்புக்கும்தானே வேண்டும்?

"அடுத்தது சீக்கிரம் வந்துடும்" என்று சொல்லி அவள் அழுகையை நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல் இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. சொந்தத்தில் வளைகாப்பு என்றால், கரு கலைந்தவளை ஆகாது என்று விட்டுவிடுகிறார்கள். அவளையும் கூப்பிடுங்கள். வருவதும் வராததும் அவள் விருப்பம்.